கார்டில் இடமில்லை

ஒரு வாரமாக விடாத மழை. நனைந்த குடையை மடிக்கக்கூடத் தோன்றாமல் அந்தப் பெண் துப்பறிவாளரின் அறையில் நின்றாள். பின்னால் அவள் கணவரின் அண்ணன். மேஜைமேல் நொறுங்கிய கேமரா ஒன்றை வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் போட்டோகிராபர் சார். போன வாரம் பழைய கல்குவாரி விளிம்புலேர்ந்து விழுந்துட்டார். கழுத்துல இது இருந்தது. மெமரி கார்டு மட்டும் பிழைச்சிருக்கு."

"குதிச்சுட்டான்னு சொல்லு" என்றார் அண்ணன். "அன்னைக்குக் காலையில நீ பேசின பேச்சையும் சொல்லு."

"'இந்தக் கேமராவையே கட்டிக்கிட்டு அழுங்க'ன்னேன்." அவள் கேமராவைத் துப்பறிவாளர் பக்கம் தள்ளினாள். "விழுந்தாரா, குதிச்சாரா சார்? நாளைக்கு என் பொண்ணு கேட்பா. நான் என்ன சொல்ல?"

துப்பறிவாளரின் உதவியாளர் அவருடைய அக்கா மகள். கார்டைப் பறிக்காத குறையாக வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினாள். கடைசிப் படங்களில் ஒரு பாறை இடுக்கு, அதில் ஒரு கூடு, வாய் பிளந்த குஞ்சுகள்.

"தரத்தைப் பாருங்க" என்றார் அண்ணன். "இருக்கறதுலயே சின்ன ஜேபெக், சுருக்கின படம். ரா ஃபைல் தவிர எதையும் தொடமாட்டான் என் தம்பி. தொழில்லயே மனசு விட்டுப்போச்சு, வேறென்ன?"

"ரான்னா கேமரா பார்த்தது அத்தனையும் அப்படியே இருக்கும் மாமா" என்று அக்கா மகள் விளக்கினாள். "தூரத்துலேர்ந்து எடுத்துட்டு, வேணுங்கற இடத்தை வெட்டிப் பெருசாக்கலாம். சின்ன ஜேபெக்கை வெட்டினா கட்டம் கட்டமா உடைஞ்சிடும்."

"என் கல்யாண போட்டோ மாதிரி" என்றார் துப்பறிவாளர்.

"அதுல உங்க தலையையே வெட்டிட்டாங்க மாமா."

யாரும் சிரிக்கவில்லை. துப்பறிவாளர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஜூம் லென்ஸ் வச்சிருந்தாராம்மா?"

"இல்ல சார். இந்த ஒரு லென்ஸ்தான். கிட்டத்துல காட்டணும்னா இவர்தான் நடந்து கிட்டப் போகணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கார்டுல இன்னொரு ரா படத்துக்கு இடமில்லை. அதனாலதான் தரத்தைக் குறைச்சிருக்கார். இன்னும் நிறைய எடுக்கணும்னு இடம் பண்ணிக்கிட்டவர் சாகப் போனவர் இல்லை. ஆனா சின்னப் படத்தை அப்புறம் வெட்டிப் பெருசாக்க முடியாது. அதான் ஒவ்வொரு படத்துலயும் கூடு கொஞ்சம் கொஞ்சமா பெருசாகுது. அவர் விளிம்பை நோக்கி நகர்ந்திருக்கார். மழையில ஊறின பாறை. கால் வழுக்கிடுச்சு."

அண்ணன் நாற்காலியில் சரிந்தார்.

"பழைய படத்துல நாலை அழிச்சிருக்கலாமே மாமா?" என்றாள் அக்கா மகள்.

துப்பறிவாளர் பழைய படங்களைத் திறந்து, திரையை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினார். துணி உலர்த்தும் அவள். பஸ் ஜன்னலில் தூங்கி வழியும் அவள். சோப்பு நுரைக் கையால் முகத்தை மறைத்துச் சிரிக்கும் அவள். எல்லாம் ரா. எப்போது எடுத்தார் என்றே அவளுக்குத் தெரியாது.

"சண்டை போட்ட அன்னைக்கும் இதுல ஒண்ணைக்கூட அழிக்க அவருக்கு மனசு வரலைம்மா."

"ஒண்ணே ஒண்ணை அழிச்சிருக்கக் கூடாதா?" திரையைத் தொட்டு அழுதாள். "தள்ளி நின்னே ராவுல எடுத்திருப்பாரே!"

அழுகை அடங்க நெடுநேரம் ஆயிற்று. அண்ணன் எழுந்து அவள் குடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம். குழந்தைகிட்ட நானே சொல்றேன்."

வாசல்வரை போனவள் திரும்பி, அக்கா மகளைப் பார்த்தாள்.

"அந்தப் படங்களை எனக்குப் போட்டுத் தரியாம்மா? சின்னதாக்கிடாதே. அவர் எடுத்தபடியே இருக்கட்டும்."