கூடத்தில் போட்ட இரண்டாவது இலை

வாழை இலையில் கரண்டி சுரண்டும் சத்தம் எழும்பாது. ஆனால் சாத்திய கதவுக்கு உள்ளே யாரோ மண்சட்டியின் அடியை மரக்கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

அருணா வாசலில் நின்று காதுகொடுத்துக் கேட்டாள். மகாளய அமாவாசை, உச்சிப்பொழுது. செத்துப்போன மாமனார் உடையப்பனுக்குக் கூடத்தில் படையல் போட்டு, அவர் கூச்சமில்லாமல் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு அவளும் புருஷன் குணசேகரனும் வெளியே வந்திருந்தார்கள். கால்மணி நேரம் கழித்து, மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

இந்த வருஷம் அவள் இன்னோர் இலையும் போட்டிருந்தாள். குணசேகரன் பழைய சாமான் கடையில் வாங்கிவந்து கூடத்துச் சுவரில் மாட்டிய, டச்சுக்காரர்களைக் கோடுகளால் வரைந்த பழைய படத்துக்கு. புகை மண்டிய குடிசைக்குள் ஒரு குடியானவன், அவன் பெண்டாட்டி, நடுவில் வெறுந்தொட்டில்.

"முந்நூறு வருசமா இவங்களுக்கு யாருங்க எலை போட்டிருப்பா?"

"வெள்ளக்காரனுக்கு வாழக்கா பொரியல் ஒத்துக்கிடுமா புள்ள?" என்று சிரித்தான் அவன்.

கேட்க நாதியில்லாதவர்களுக்கு ஒரு பிடி சோறு வைத்தால் சாமி பார்த்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறவள் அவள். படத்துக்கும் பொட்டு வைத்து, நெய் ஒரு கரண்டி கூடுதலாகவே விட்டாள்.

சுரண்டல் நின்றது. சாம்பிராணி வாசனையை அமுக்கிக்கொண்டு, ஈரக் கம்பளியும் கருகிய கொழுப்பும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாகக் கசிந்தது. அதன் பின்னாலேயே மரக்கட்டைச் செருப்புகள் சிமெண்டுத் தரையில் டொக், டொக் என்று, அவசரமே இல்லாமல், உள்ரூம் பக்கம் நடந்தன.

"என்னங்க, புள்ளைய ராசாத்தி அக்கா வீட்லதான விட்டீங்க?"

"அழுதான்னு அப்பவே தூக்கியாந்துட்டேனே. உள்ரூம்ல தூங்குறான். நீ பாக்கலயா?"

உள்ளே மூன்று வயதுக் கவியரசன் சிரித்தான். ஒரு பெண்குரல் தாலாட்டியது. தெரியாத பாஷை.

அருணா தட்டினாள். மூன்று தரம்.

உள்ளிருந்தும் தட்டினார்கள். மூன்று தரம்.

தள்ளினாள்.

மாமனாரின் இலை வைத்தது வைத்தபடி. மற்றது வழித்துத் துடைத்திருந்தது.

கவியரசன் நடந்துகொண்டிருந்தான். தனியாக. இரண்டு கைகளும் மேலே. இரண்டு பக்கமும் யாரோ விரல் கொடுத்தது போல. நுனிக்காலில். படம் மாட்டிய சுவரை நோக்கி.

"கவி!"

திரும்பினான். வாயெல்லாம் நெய்ச்சோறு. கையாட்ட ஒரு கையை இழுத்துப் பார்த்தான்.

கை வரவில்லை.

"டாட்டாம்மா."

அவன் பாதங்கள் தரையை விட்டு எழும்பின.