நான்கு மணிக்கு உயர்ந்த கைகள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே நகராட்சி வாகன நிறுத்தக் குழுவின் செயலாளர் அம்மா வீடு தேடி வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி அப்போதுதான் செய்தித்தாளைப் பிரித்திருந்தார். அம்மாவைக் கையோடு கூட்டி வந்தவன் அதிகாரியின் மனைவிக்குத் தம்பி. நகராட்சி அலுவலக வாசலில் வண்டிகளுக்கு நேரச்சீட்டு கிழித்துக் கொடுப்பவன். நாளெல்லாம் ஊதி ஊதியே அவனுக்கு விசில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே இந்த அம்மாதான். அத்தான் தலையிட்டால் அம்மாவின் மேல் விழுந்த பழி பஞ்சாய்ப் பறந்துவிடும் என்று வழியெல்லாம் அளந்துகொண்டே வந்திருந்தான்.

"பதினோரு மணிக்கு என்னை சஸ்பெண்ட் பண்ணப் போறாங்க சார்," என்றார் அம்மா. "தப்பா எழுதிட்டேன்னு சொல்றாங்க."

விஷயம் இதுதான். வாகன நிறுத்தக் குழுவில் தலைவியையும் சேர்த்து ஏழு பேர். நகராட்சியின் கஜானா காலி என்பதால், ஆஸ்பத்திரி வாசலில் இலவசமாக இருந்த நாற்பது இடங்களுக்கும் கட்டணம் வைக்க வெள்ளிக்கிழமை தீர்மானம் வந்தது. கை தூக்கி வாக்களித்தார்கள். ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று. மறுநாள் ஊரே கொதித்தது. உடனே உறுப்பினர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர், தான் எதிர்த்துத்தான் கை தூக்கியதாகவும், செயலாளர் மாற்றி எழுதிவிட்டதாகவும் சொல்லிவிட்டார். அவர் கடை ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருக்கிறது.

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"சுவத்துல வரைபடம் காட்டுறதுக்காக விளக்கை அணைச்சிருந்தாங்க. யாருக்கும் நிச்சயமாத் தெரியல. ஆனா அவர் எனக்குப் பக்கத்து நாற்காலி சார். கண்ணால பார்த்ததைத்தான் எழுதினேன்."

அதிகாரி அவர் கொண்டுவந்த கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினார். முதலில் நீல மை. நிகழ்ச்சி நிரலின் மூன்றாம் பொருளுக்கு நடுவில் எழுத்து மங்கி, கறுப்பாக மாறியிருந்தது. தன் பேனா தீர்ந்துபோனதாகவும், தலைவியின் பேனாவை வாங்கி எழுதியதாகவும் அம்மா சொன்னார். ஏழாவது பொருள்தான் கடைசி. அதில் கட்டணத் தீர்மானமும் வாக்களித்தவர்களின் பெயர்களும் நீலத்தில் இருந்தன. ஓரத்தில் 'மணி 4.00' என்பது மட்டும் கறுப்பு.

விசிலுக்குத் தலைகால் புரியவில்லை. "அத்தான், வேற யாரோ உள்ள பூந்து எழுதியிருக்காங்க. இது போதுமே."

"எழுத்து ஒரே கைதான் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை நீ கிழிச்ச சீட்டோட அடிக்கட்டையெல்லாம் எடுத்துட்டு வா."

பத்தரை மணிக்கு மூவரும் தலைவியின் அறைக்குப் போனார்கள். மருந்துக்கடைக்காரரும் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி இரண்டு அடிக்கட்டைகளை மேசைமேல் வைத்தார். "இந்த வாசல்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வண்டி நிக்கக் கூடாது. வேற இடத்துக்கு நகர்த்திட்டு, ஓட்டுறவரே கையெழுத்துப் போட்டுப் புதுச்சீட்டு வாங்கணும். இந்தக் குழு போட்ட விதிதான். சாருக்கு டிரைவர் கிடையாது. முதல் சீட்டு ரெண்டு மணி, அடுத்தது நாலு மணி ஒரு நிமிஷம். ரெண்டுலயும் உங்க கையெழுத்து இருக்கு. மாடியில ஓட்டெடுப்பு நடந்தப்ப நீங்க தெருவுல இருந்தீங்க. நீங்க ஆதரிக்கவும் இல்ல, எதிர்க்கவும் இல்ல."

மருந்துக்கடைக்காரரின் கால் கீழே இறங்கியது. "வாகனக் குழு உறுப்பினருக்கே அபராதம்னு பேப்பர்ல வந்துடுமேன்னு ஓடினேன்," என்றார் தரையைப் பார்த்து. "அதை எப்படி வெளியில சொல்றது?"

விசிலுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவருக்கு போன் செய்து, "சார், நேரம் முடியுது" என்று சொன்னவனே அவன்தான். பெரிய மனிதர்களுக்கு இப்படி ஒரு கைங்கரியம் செய்து வைத்தால் பின்னால் உதவும் என்று ஒரு கணக்கு. எப்படியோ அம்மா தப்பித்துவிட்டார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "உங்களைக் காப்பாத்த ஒரு வார்த்தை போதும்மா. 'அவர் அறையிலேயே இல்ல.' காலையிலேர்ந்து அதை நீங்க சொல்லவே இல்ல. பக்கத்து நாற்காலி காலியா இருந்ததே உங்களுக்குத் தெரியாது. ஏன்னா நீங்க பார்க்கல."

அம்மா குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மூணாவது பொருள்லயே தீர்ந்துபோன பேனாவால ஏழாவது பொருளோட முடிவை எப்படி எழுத முடியும்? கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்க. அப்புறம் மணியை மட்டும் போட்டீங்க."

"பதினெட்டு வருஷமா அப்படித்தான் எழுதறேன்," என்றார் அம்மா. "டீ குடிக்கும்போதே யார் எந்தப் பக்கம்னு சொல்லிடுவாங்க. இவரும் சரின்னுதான் சொன்னார். ஒரு தடவை கூட மாறினதில்ல."

"நானும் எண்ணலையே," என்றார் தலைவி. "நீங்க நாலுன்னீங்க, நான் நிறைவேறிச்சுன்னுட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். "மூணுக்கு மூணுன்னா தீர்மானம் விழுந்துடுச்சு. நாற்பது இடமும் இலவசமாவே இருக்கும். ஆனா உங்க விஷயத்துல நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

அதிகாரி அடிக்கட்டைகளை விசிலிடம் திருப்பிக் கொடுத்தார். "நேரம் முடியுதுன்னு இவருக்கு யார் ஞாபகப்படுத்தினாங்கன்னு நான் கேட்கல," என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

பதினொன்றேகாலுக்கு அம்மா சஸ்பெண்ட் உத்தரவை வாங்கிக்கொண்டு இறங்கினார். விசில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். தலைகீழாக நின்று காப்பாற்றுகிறேன் என்றவன், தானே கொண்டுபோய் மாட்டிவிட்டான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் அம்மா அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"உன் மேல வருத்தமில்லப்பா. நீயாவது பார்த்து எழுதினியே."

போன் செய்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். பேருந்து வந்து நின்றது. "பார்த்து ஏறுங்கம்மா," என்று மட்டும் சொன்னான்.