பாய்மரம் சாய்ந்த கப்பல்

ஐப்பசி மாதத்து அந்தி வெயில் காவிரியின் கழிமுகமெங்கும் பொன்னைக் கரைத்து ஊற்றியதுபோல் பரவ, கடாரம் நோக்கிப் புறப்படவிருந்த மரக்கலங்கள் பாய் விரித்து அசைந்தாட, அருகே தளும்பி நின்ற பேரேரியின் மதகின்மேல் கரைக்காவல் தலைவன் இளங்கூத்தன் நிலைகொள்ளாமல் உலாவிக்கொண்டிருந்தான். நிலைகொள்ளுமா பின்னே! புயல் வந்தால் நிரம்பிய ஏரி உடைந்து நாற்பது ஊர்ச் சம்பாப் பயிரும் மண்ணோடு போகும். நீரைக் கடலில் விட்டபின் புயல் வராமற்போனாலோ பயிர் கருகும். அவன் தலையும் தோளில் தங்காது. பொழுது சாய்வதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

"இருபதாண்டுகள் இக்கடலைக் கடந்தவன் சொல்கிறேன், தலைவரே! புயலாவது, மண்ணாவது! மதகை மூடியே வையும்" என்றான் கடாரத்து வணிகன் தருமசேனன்.

மதகடியில் ஓடக்காரப் பெண் கலகலவென நகைத்தாள். மூன்று நாட்களாக இளங்கூத்தனை ஏரியெங்கும் சுற்றிக்காட்டியவள் அவள். அந்நாட்களில் அவன் ஏரியைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததே அதிகம் என்பதை அன்பான வாசகர்களிடம் மறைப்பானேன்?

"ஐயா, அவர் வாயைப் பார்த்தது போதும். அவர் கப்பலைப் பாருங்கள்!"

பார்த்தான். அடடா! மற்ற கலங்களெல்லாம் பாய் விரித்து நிற்க, தருமசேனன் கலம் மட்டும் பாய்மரத்தைச் சாய்த்துக் கட்டி, மூன்று நங்கூரம் இறக்கியிருந்தது.

"புயல் வராதென்றால் பாய்மரத்தை ஏனையா சாய்த்தீர்?"

"அது... பழுது பார்க்க..."

"மூன்று நங்கூரத்தோடா?"

வணிகன் மெல்லப் பின்வாங்கினான்; இளங்கூத்தனுக்கு எல்லாம் விளங்கிற்று. கலம் நிறைய அரிசி கொண்டுவந்தவனுக்கு இங்கே வயல் மூழ்கி அரிசி விலை ஏறினால்தானே வேட்டை!

"திறவுங்கள் மதகை!" என்று முழங்கினான் இளங்கூத்தன்.

தருமசேனன் குறுவாளை உருவிப் பாய்ந்தான். அதற்குள் மதகின்மேல் ஏறி வந்துவிட்ட ஓடக்காரியின் துடுப்பு பளீரென்று அவன் மணிக்கட்டில் விழ, வாள் ஏரிக்குள் போயிற்று. காவலர் அவனை அமுக்கிப் பிடிக்க, மதகு திறந்து வெள்ளம் ஆரவாரத்துடன் கடலை நோக்கி ஓடியது.

துடுப்பைக் கீழே வைத்தவள் இடைக்கச்சிலிருந்து புலி பொறித்த மோதிரத்தை எடுத்து நீட்டினாள். கடல்துறைதோறும் சென்று, பயிருக்குப் புயலாலும் வெள்ளத்தாலும் நேரக்கூடிய கேட்டை ஆராய்ந்து வரச் சக்கரவர்த்தி அனுப்பிய இளவரசி பூவணி அல்லவா அவள்!

இளங்கூத்தன் தடுமாறி மண்டியிட்டான். "தேவி! இதை முன்பே காட்டியிருந்தால் அப்போதே திறந்திருப்பேனே!"

"மோதிரத்துக்காகத் திறந்திருப்பீர். நாளை நான் இல்லாதபோது யாருக்காகத் திறப்பீர்?"

அக்கணமே கிழக்கிலிருந்து முதல் ஈரக்காற்று சீறி வந்து, துறையில் விரிந்திருந்த பாய்களையெல்லாம் படபடவென்று அடித்தது.