ஒரு நாளுக்கு ஒரு வெட்டு

விழிக்கும்போதே நிரஞ்சனின் வலது மணிக்கட்டு வலித்தது. ஓய்வில்லாமல் மரம் வெட்டியவனுக்கு வருகிற வலி, எலும்புக்குள் பிடித்துத் தோள்வரை இழுத்தது. ஆனால் நேற்று அவன் கத்தியைத் தொடவே இல்லை. கஹவத்தைப் பக்கமெல்லாம் விடாத மழை. மழையில் ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டினால் பால் தண்ணீரோடு வழிந்துபோகும் என்று கங்காணி வேலையை நிறுத்திவிட்டார். பொழுது முழுக்க தோட்டத்து லயத்தில் தங்கள் ஒற்றையறைக் காம்பராவில் சுவரில் சாய்ந்து போனில் லொறிதான் ஓட்டினான்.

மலைப்பாதையில் லொறி ஓட்டும் விளையாட்டு அது. கவிழ்ந்தால் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் வரும். அமுக்கினால் போதும், சேவ் பண்ணி வைத்த வளைவிலிருந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி ஓட்டலாம். நிரஞ்சன் இதுவரை ஒரு லொறியையும் பறிகொடுத்ததில்லை.

"இப்பிடி ஆடுறதுல என்னங்க ருசி?" என்று நேற்று சுஜீதா கேலி செய்தாள். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதற்குள் அவன் செய்கிற எதையும் கேலி செய்யாமல் அவளால் இருக்க முடிவதில்லை. "கவுந்தா கவுந்ததுதான்னு இருந்தாத்தானே வளைவுல நெஞ்சு அடிக்கும்? பயமே இல்லாம ஆடுறது உப்பில்லாத ரொட்டி மாதிரி."

"தோட்டத்துல ஒண்ணு கை தவறிப் போனா போனதுதான். இதுலயாச்சும் திரும்பி வந்துட்டுப் போறேனே. ஒனக்கென்ன நட்டம்?"

"எனக்கென்ன. கவுந்த லொறியெல்லாம் எங்கதான் கெடக்கும்னு யோசிச்சேன்."

அவன் சிரித்துவிட்டு அடுத்த வளைவில் திரும்பினான்.

இப்போது அவள் சாயத்தண்ணித் தேநீர்க் கோப்பையை நீட்டினாள். அவளுடைய தலைமயிரிலிருந்து நீர் சொட்டி சிமெந்துத் தரையில் விழுந்தது.

"விடியுமுன்னே முழுகிட்டியா?"

"இந்தக் குளிர்லயா? எனக்கென்ன பைத்தியமா?" முடிக்குள் கையை விட்டுப் பார்த்து அவளே முகம் சுளித்தாள். "தகரம் ஒழுகியிருக்கும்போல. கழுத்தும் பிடிச்சிக்கிட்டுக் கெடக்குங்க."

தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கோப்பையை வாங்கும்போது அடுப்புப் புகையையும் மீறி அவள்மேல் ஒரு வாடை வீசியது. பாசி வாடை. கல்லின் அடிப்பக்கத்து வாடை.

தலையில் டோர்ச் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஓடையின் குறுக்கே விழுந்துகிடக்கும் பழைய மரம்தான் பாலம். அதைத் தாண்டினால் அந்தக் கரையில் அவன் வெட்டும் முதல் மரம். இலைகளிலிருந்து இன்னும் நீர் விழுந்துகொண்டிருந்தது, காட்டுக்குள் யாரோ கூட நடந்து வருவது போல. பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் தொண்டையில் நின்றது. வெளிச்சத்தை மரத்தில் அடித்தான்.

ஒரு மரத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு வெட்டு. நகத்தின் தடிமனுக்குப் பட்டையைச் சீவ வேண்டும், கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும், மாசக் கடைசியில் கங்காணி போட்டு வைத்த பெயின்ட் அடையாளத்துக்கு வந்து சேரும். இன்னும் மாசம் பாதிகூட ஆகவில்லை. வெட்டோ அந்த அடையாளத்தைத் தாண்டி நாலு விரல் கீழே இறங்கிக் கிடந்தது.

எவனோ திருட்டு வெட்டு வெட்டியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். குனிந்து பார்த்தான். அவனுடைய கத்தி முனையில் ஒரு சின்ன உடைசல் உண்டு. அது பட்டையில் மயிரிழைக் கீறல் விடும். ஒவ்வொரு வெட்டிலும் அந்தக் கீறல் இருந்தது. பட்டை ஈரமாக இருந்தது. சிரட்டையில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.

வெட்டினான். வேறென்ன செய்வது? வெளுக்கும்வரை மரம் மரமாகப் போய் வெட்டினான். பால் எடுக்கிற நேரத்துக்கு சுஜீதா வாளியோடு வருவாள். தினமும் வருவாள்.

வாளி கல்லில் மோதும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை. அப்புறம் ஓடை மட்டும்.

ஓடினான்.

பாலத்துக்குக் கீழே, கற்களுக்கு நடுவே அவள் மல்லாந்து கிடந்தாள். நீலச் சட்டை தண்ணீரில் உப்பியிருந்தது. கழுத்து இடது பக்கம் மடிந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன.

"சுஜீ. ஏய், சுஜீ."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தான். திரையில் லொறி இல்லை, ரோடு இல்லை. கறுப்பு. நடுவில் பச்சைப் பொத்தான்.

அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமலே கட்டைவிரலுக்குப் பழகியிருந்தது.

மணிக்கட்டு வலித்தது.

மறுபடி அதே லயம், விடியாத இருட்டு. தகரத்தில் நீர் சொட்டும் சத்தம். சுஜீதா கோப்பையோடு நின்றாள், தலை தோளைத் தொடுமளவு சாய்ந்திருந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை. அவளிலிருந்து நீர் வழிந்தது.

"கழுத்து பிடிச்சிக்கிட்டுக் கெடக்குங்க," என்றாள்.

கோப்பையை வாங்கிக் கீழே வைத்தான். "நீ இன்னைக்கு வராத."

"அப்ப பால யாரு சொமக்கிறது? ஒங்க லொறியா?" சிரித்தாள். பல்லில் பாசி.

"தனியா வராத சுஜீ. இப்பவே என்னோட வா. நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னாள். "புது மாப்புள மாதிரி."

அவள் கை குளிர்ந்திருந்தது. வழுக்கியது. இறுக்கிப் பிடித்தான். அடிமேல் அடி வைத்துப் பாலத்தில் ஏறினார்கள். பாதியில் வெளிச்சம் அக்கரை மரத்தில் பட்டது.

வெட்டு வேர்வரை இறங்கியிருந்தது. பட்டையே மிச்சமில்லை. ஒரு காலைக்கு ஒரு வெட்டு. அவன் நினைவில் நிற்காத அத்தனை காலை. அத்தனை தடவை அந்தப் பொத்தான்.

கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

பார்த்தான்.

கிடந்தார்கள். மேலே ஓடையின் வளைவுவரை. கீழே வெளிச்சம் எட்டும்வரை. ஒருத்திமேல் ஒருத்தி. எல்லாரும் நீலச் சட்டை. எல்லாக் கழுத்தும் இடது பக்கம். வாளிமேல் வாளி. எல்லாக் கண்ணும் அவனையே பார்த்தன.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

கீழே அத்தனை உதடும் அசைந்தன.

பையில் போன் அதிர்ந்தது. பொத்தானை அமுக்கினானே தவிர ஒருத்தியையும் அவன் தண்ணீரிலிருந்து தூக்கவில்லை. ஒருத்திக்கும் அழவில்லை. அத்தனை பேருக்கும் குழி வெட்டுவது பாக்கி.