இறகுக்கல்

குழந்தையின் துணிகளை எடுக்க வந்த பஞ்சாலை, கல்லின் மேல் இறகுத் தடங்களுக்கு நடுவே ஒரு பிஞ்சுக் குதிகால் பதிந்திருப்பதைப் பார்த்தாள். காலையில் அது அங்கே இல்லை.

மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஜனங்களை, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமலிருக்க, வெள்ளைக்காரன் முள்கம்பி வேலிக்குள் குடியேற்றி நாலு மாதமாகிறது. பாதை போட லாரியில் வந்த சுண்ணாம்புக் கல்லில் ஒரு பலகையை அவள் புருஷன் வீரமுத்து தூக்கிவந்து தாழ்வாரத்தில் போட்டிருந்தான். பிளந்த முகத்தில் எந்தக் காலத்துப் பறவையோ, நரம்பு நரம்பாகத் தெரியும் ஐந்தாறு இறகுகள்.

முதல் பிள்ளையைப் பட்சி தோஷத்துக்குப் பறிகொடுத்தவள் அவள். பொழுது சாய்கையில் மேலே பறந்த பறவையின் நிழல் பட்டுத்தான் அது இளைத்து இளைத்துப் போனது என்று லயத்து வீடுகளெல்லாம் சொன்னன. அதனால் இந்தப் பிள்ளையின் துணியை வெளிக்கொடியில் போடவே மாட்டாள். கூரைக்கடியில் அந்தக் கல்லில்தான் விரிப்பாள். கல் வந்த அன்றே இறகைப் பார்த்துத் தயங்கினாள்.

"அது கல்லாப் போயி எத்தன காலமோ. செத்த பறவைக்கு நெழல் ஏது லா?" என்று வீரமுத்து சிரித்தான்.

தேங்காய் நாரால் தேய்த்தாள். தடம் போகவில்லை. ஈரக் கல்லிலிருந்து நீற்றிய சுண்ணாம்பின் நெடி கிளம்பி மூக்கை எரித்தது; எங்கோ அடியில் கோழி சிறகை உதறுவதுபோல ஒரு சரசரப்பு கேட்டு நின்றது. உள்ளே ஓடிப் பிள்ளையைத் தூக்கினாள். நேற்றைய கனம் இல்லை.

"ஆஸ்பத்திரி டிரஸர்கிட்ட கொண்டு போவோங்க, இப்பவே."

"வேலிக் கேட்டை ஆறு மணிக்கே பூட்டிட்டான். கிட்ட போனா பட்டாளத்தான் சுட்டுருவான் பஞ்சால."

"இதையும் சாகக் குடுக்கச் சொல்றீங்களா?"

தோட்டத்து மேலாள் மண்டோரின் காலில் விழுந்தாவது கேட்டைத் திறக்க வைப்பதாகச் சொல்லி வீரமுத்து ஓடினான்.

பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கதவோரம் உட்கார்ந்தாள். கல்லைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்தாள்.

ஐந்து விரல்கள்.

கண்ணை மூடினாள். சரசரப்பு. திறந்தாள். முழங்கால். தொப்புள். மடங்கிய காது. எல்லாம் இறகுகளைப் போலவே பழையதாக, ஆழமாக.

அணைப்பை இறுக்கினாள். கை தன் விலாவிலேயே இடித்தது.

துணி மட்டும்தான். இன்னும் சூடாக இருந்தது.

"என்னங்க!" என்று கத்தினாள். தாழ்வாரத்துக் கல்லில் கன்னம் முழுதாகப் பதிந்துவிட்டது. பிறகு வாய், அகலத் திறந்தபடி.

கல்லுக்குள்ளிருந்து பசியில் வீறிட்டது பிள்ளை. பஞ்சாலையின் ரவிக்கை பாலில் நனைந்தது.