சயோகோவுக்காகச் செய்த ஆம்ப்

வடித்து வைத்த மின்சாரம் காலையில் திரும்ப வந்திருந்தது.

கொஞ்சம்தான். மீட்டரின் முள் பூஜ்யத்தை விட்டு எழுந்து அறுபது வோல்ட்டில் நின்றது. ஷூஜி அதைப் பார்த்துக்கொண்டே இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டான். கிடாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப் செய்கிறவர்களுக்கு முதலில் படிகிற பழக்கம் அது. திறந்து கிடக்கும் ஆம்புக்குள் ஒரு கைதான் போகலாம். இரண்டும் போனால் மின்சாரம் ஒன்றில் ஏறி நெஞ்சு வழியாக மற்றதில் இறங்கும். பிளக்கைப் பிடுங்கியாயிற்றே என்று நம்பிக் கைவைத்துச் செத்தவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் நானூறு வோல்ட்டை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும். அதனால்தான் முந்தின நாள் மாலையே அவற்றை வடித்து, முள் பூஜ்யத்தில் படுத்ததைப் பார்த்த பிறகு எழுந்திருந்தான். வடித்ததில் கொஞ்சம் திரும்ப ஊறுவது வழக்கம்தான். பத்து, மிஞ்சினால் இருபது. இருபத்திரண்டு வருஷத்தில் அறுபதை அவன் பார்த்ததில்லை.

'புது கண்டென்சர், அப்படித்தான் இருக்கும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி வடித்தான். அறை மூலையில் கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவி சயோகோ தூக்கத்தில் முனகினாள்.

ஜப்பானின் ஹமாமத்ஸுவில் ஜூன் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சயோகோவால் மாடிப்படி ஏற முடியாமல் போனதும் அவள் கட்டிலைக் கீழே அவன் வேலை அறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஈயம் உருகும் புகையும், ஈரம் ஏறிய பாயின் வைக்கோல் வாசமும், அவள் மருந்தின் கசப்பு வாடையும் அந்த ஒரே அறைக்குள் கலந்து கிடந்தன. கணையத்தில் தொடங்கிய நோய் அவள் முதுகெலும்புக்கு வந்திருந்தது. இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் ஒட்டிய மருந்துப் பட்டையும் பாட்டில் மருந்தும் பிற்பகல்வரை தாங்கும். நாலு மணி வாக்கில் வலி வரும்.

இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே இசைக்குழுவில் வாசித்தவர்கள். அவன் கிடார், அவள் அடிநாதம் தரும் பேஸ். போன மாதம் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஊருக்கெல்லாம் செஞ்சு குடுத்த. எனக்கு ஒண்ணு செய்யணும்னு தோணலையா உனக்கு?"

"நீ பேஸ் வாசிக்கிறவ. உனக்கு எதுக்குக் கிடார் ஆம்ப்?"

"படுத்துக்கிட்டுக் கேக்கறதுக்குத்தான். வாசிக்கிறது உன் வேலை. தப்பா வாசிச்சா திட்டறது என் வேலை."

டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக் கம்பியைக்கூட அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே கையால் சுற்றினான். அந்த முந்தின நாள் நாலு மணிக்குத்தான் முதல்முறையாக வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றன. சூடான தூசியின் மணம் எழுந்தது. ஷூஜி ஒரு சுரத்தைத் தொட்டான். அது தேன் வழிவதுபோல மெதுவாகத் திரண்டு, அறையை நிறைத்து, போக மனமில்லாமல் அடங்கியது. கட்டில் கம்பியை இறுக்கியிருந்த சயோகோவின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"எங்க போச்சு?" என்றாள்.

"எது?"

"வலிதான். இப்ப இங்கதான இருந்துச்சு." விழுந்த சாவியைத் தேடுவதுபோலப் போர்வையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அவன் அழுதான்.

அதன் பிறகு தினமும் வாசித்தான். தினமும் வலி போனது. நர்ஸ் வந்து, "ரத்த அழுத்தம் இறங்கிட்டே போகுது. ஆனா முகம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க" என்றாள். சயோகோவின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல, பிறகு பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல. கைகள் ஈரத்துணிபோலச் சில்லிட்டன. ஆம்ப் மட்டும் ஆறவில்லை. பிளக் தரையில் கிடக்க, மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால், சற்றுமுன் பூனை படுத்து எழுந்துபோன இடம்போல இருந்தது.

ஒன்பதாம் நாள் முள் நூற்று எண்பதில் நின்றது.

வடிக்கும் கம்பியை எடுத்துக் கண்டென்சரில் வைத்தான். முதுகுக்குப் பின்னால் சயோகோ அலறினாள். கை உதறிக் கம்பி விலகியது. அலறல் நின்றது. திரும்பிப் பார்த்தான். அவள் வில்லாக வளைந்திருந்த உடம்பைத் தளர்த்திக்கொண்டு, வாய் திறந்து மூச்சு வாங்கினாள்.

தற்செயல் என்று நினைத்தான். நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றும் நினைத்தான். அதற்காக அவன் செய்ததை அவனால் மன்னிக்கவே முடியவில்லை. மறுபடி கம்பியை வைத்தான்.

மறுபடி அலறினாள்.

அதோடு வடிப்பதை விட்டான். வாசிப்பதையும் விட்டான். கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி மாடிக்குக் கொண்டுபோனான். மீட்டரை மட்டும் கழற்றத் துணிவு வரவில்லை. அது ஆம்போடு இணைந்தபடி மேசையில் கிடந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே, பின்னிய துணி போர்த்திய ஸ்பீக்கரிலிருந்து மிகச் சிறிய ஓசை ஒன்று வந்தது. யாரோ எச்சில் விழுங்குவதுபோல.

வலி இரண்டு நாள் பொறுத்து, விட்டதையெல்லாம் சேர்த்து வாங்க வந்தது. பாட்டில் மருந்து வாயிலேயே நிற்கவில்லை. அவசர எண்ணுக்குப் பேசினான். நர்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தில் சிக்கியிருந்தாள்; இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றாள். மதியம் மூன்று மணிக்கே வானம் கறுத்திருந்தது. சயோகோ தலையணை உறையைக் கடித்துக் கிழித்தாள்.

"வாசி."

"வேண்டாம்."

"ஷூஜி, உன்னைக் கும்பிடறேன். வாசி."

"அது உன்னை எடுத்துக்குது சயோகோ! நான் வாசிக்க வாசிக்க நீ அதுக்குள்ள போற. முள் ஏறுறத என் கண்ணால பாத்தேன். வடிச்சா நீ துடிக்கிற. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

அவள் கிழிந்த உறையை வாயிலிருந்து எடுத்தாள். வலியின் நடுவே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கக் காத்திருந்தாள்.

"தெரியும்டா மடையா. எங்க போறேன்னு போறவளுக்குத் தெரியாதா?"

அவன் அவள் சில்லிட்ட கையைப் பற்றினான்.

"அங்க கதகதப்பா இருக்கு" என்றாள். "இங்கதான் குளிருது."

மாடிக்கு ஓடினான். படியில் முழங்கால் இடித்தது. பூட்டு திறக்கவில்லை, உடைத்தான். கிடாரின் வயரைச் செருகிவிட்டு பிளக்குக்காகத் தரையைத் துழாவினான். தேவைப்படவில்லை. வால்வுகள் தாமாகவே கனன்றன.

வாசித்தான். விரல் நுனி வெடிக்கும்வரை வாசித்தான். இருநூற்று ஐம்பது. முந்நூறு. அவள் தாடை தளர்ந்தது. முந்நூற்று எழுபது. கண்கள் பாதி மூடின. நிறுத்த நினைத்தான். நிறுத்தினால் அலறுவாள். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்றே ஒன்று. நானூறு. நானூற்று ஐம்பது.

கிடாரின் கம்பி அறுந்தது.

மழை. கூரைத் தகரத்தில் மழை மட்டும்.

சயோகோவின் நெஞ்சில் அசைவில்லை. கன்னத்தைத் தொட்டான். மூக்கருகே விரல் வைத்தான். ஒன்றுமில்லை. அவள் பெயரைச் சொன்னான்.

பின்னாலிருந்து மூச்சு வந்தது.

மெதுவாகத் திரும்பினான். ஸ்பீக்கர்த் துணி வெளியே உப்பியது. உள்ளே ஒட்டியது. உப்பியது. ஒட்டியது. மண்டியிட்டு அதன் முன்னால் முகத்தைக் கொண்டுபோனான். இளஞ்சூடான காற்று. அதில் அவள் மருந்தின் கசப்பு.

"சயோகோ?"

மூச்சு ஒருமுறை தடுமாறிற்று. அவளுக்குக் கேட்டுவிட்டது.

மீட்டரைப் பார்த்தான். நானூற்று நாற்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நானூற்று முப்பது. கண்டென்சர் எதுவும் நிறைந்தபடியே இருந்துவிடாது. யாரும் வடிக்காவிட்டாலும் தானாக இறங்கும். முள் இறங்க இறங்க அந்த மூச்சு சிறுத்தது. இடையிடையே குழந்தை விசும்புவதுபோல இழுத்தது. புதுக் கம்பி மாட்டினான். இரண்டு முறை நழுவியது. வெறும் அறைக்கு வாசித்தான். முள் நிற்கவில்லை. முந்நூற்று இருபது. கேட்பதற்கு ஆள் இல்லை; வாசிக்கிறவனை அது ஒருநாளும் தொட்டதில்லை. வெதுவெதுப்பான உடம்பு ஒன்றும் எதிரே இல்லை.

இருநூற்று எழுபது. துணிக்குப் பின்னால் பல் கிட்டித்தது. அவளுக்குக் குளிர்ந்தது.

வாசல் மணி அடித்தது.

சயோகோவின் தங்கை மிச்சிரு. பக்கத்து ஊரில் வேலை முடித்து வியாழன்தோறும் அக்காவைப் பார்க்க வருவாள். நனைந்த குடையை உதறியபடி, கையில் பாத்திரத்தோடு நின்றாள்.

"என்னா மழை அத்தான்! ரயிலே நீந்தித்தான் வந்துச்சு. முட்டை போட்டுக் கஞ்சி வெச்சிருக்கேன், அவ ரெண்டு வாயாவது சாப்பிடுவாளா? தூங்குறாளா?"

ஷூஜி கதவை மறைத்துக்கொண்டு நின்றான். போகச் சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான். உள்ளே அறையில் மூச்சு ஒருமுறை விக்கி, நின்று, வெகு நேரம் கழித்துத் தொடங்கியது.

"இப்பத்தான் வலி அடங்குச்சு" என்றான். "சத்தம் போடாம உள்ள வா."

போகும்போதே போர்வையைச் சயோகோவின் காதுவரை இழுத்துவிட்டான். ஆம்புக்கு எதிரே மெத்தை விரித்தான்.

"அவளுக்காகச் செஞ்சது. நீயும் கேட்டதில்லையே. உக்காரு, ஒண்ணு வாசிக்கிறேன்."

"கஞ்சி ஆறிடுமே..."

"ஒண்ணே ஒண்ணு. அங்க இல்ல. இன்னும் கிட்ட."

மிச்சிரு காலை மடித்து உட்கார்ந்தாள். நாள் முழுக்க நின்று வீங்கிய கணுக்காலைப் பிசைந்துகொண்டு, அலுப்போடு அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். நூற்றுப் பத்து. ஷூஜி ஒரு சுரத்தைத் தொட்டான்.

முள் நின்றது. நடுங்கியது.

"அட" என்றாள் மிச்சிரு. கணுக்காலைப் பிசைந்த கை ஓய்ந்து மடியில் விழுந்தது. நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. "இது என்ன அத்தான்... எவ்வளவு நல்லா இருக்கு." குரல் சற்றே தள்ளியிருந்து வந்தது.

துணி மெல்ல உப்பி அவள் நெற்றி முடியை அசைத்தது. ஷூஜி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு, ரத்தம் கசியும் விரலை அடுத்த சுரத்துக்கு நகர்த்தினான்.