ஆறு மிட்டாய்த் தாள்கள்

பிற்பகல் 3.40. தேநீரோடு மாடியேறிய மருமகள்தான் முதலில் பார்த்தாள். மாமனார் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உயிர் இல்லை.

4.30. கீழ்த்தளத்தில் மருமகளின் கேக் கடை. ‘எதிலும் சர்க்கரை இல்லை’ என்றது பலகை. பெண் இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு மாடியேறினார். விருந்தினர் அறை வாசலில் குப்பைக் கூடையை நோக்கி எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தாண்டி நடந்தார்.

இறந்தவர் இருபது வருடச் சர்க்கரை நோயாளி. ஒரு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார். தலைமாட்டில் ஒரு தகர டப்பா, பிரித்துப் போட்ட ஆறு மிட்டாய்த் தாள்கள். தரையில் பாதி கடித்த மிட்டாய், சுத்தமாக, தொடுவாரின்றிக் கிடந்தது.

இரண்டு நாள் முன்பு ஊரிலிருந்து வந்து விருந்தினர் அறையில் தங்கியிருந்த மகள் அழுகையினூடே அண்ணியையே குற்றம் சொன்னாள். மதியம் தான் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில் வீட்டில் இருந்தது அண்ணி மட்டும்தானாம்.

“சர்க்கரைக்குப் பதிலா என்னென்னவோ பொடி வாங்கி வச்சிருக்காங்க மேடம். அதுல எது விஷமோ, யாருக்குத் தெரியும்? கடையைப் பூட்டி சீல் வைங்க.”

மருமகள் கட்டில் அருகே போனாள். டப்பாவிலிருந்து ஒரு மிட்டாயைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“இது யார் செஞ்சது?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“நான்தான்.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“இல்ல மேடம்.”

5.15. இன்ஸ்பெக்டர் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியின் பதிவுகளை எடுத்தார். 1.50க்கு 58. 2.15க்கு 36. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பிறகு விருந்தினர் அறைக் கூடையைக் கொண்டுவரச் சொல்லி, மேஜைமேல் ஒரு தாளை விரித்துக் கவிழ்த்தார். வெள்ளைத் தாள் சுற்றிய பத்துப் பன்னிரண்டு மிட்டாய்கள் உருண்டன. ஒன்றைப் பிரித்தார். தேன் நிறம், கண்ணாடி போன்ற பளபளப்பு, மேலெல்லாம் எறும்பு. பக்கத்தில் டப்பா மிட்டாய் ஒன்றையும் பிரித்து வைத்தார். அது வெளிறிப்போய், சுண்ணாம்பு பூத்தாற்போல் இருந்தது.

“எல்லாரும் சர்க்கரையிலயோ விஷத்துலயோ செத்தார்னு நினைக்கிறீங்க. சர்க்கரை இல்லாமதான் செத்திருக்கார். ஊசி போட்டுட்டு சரியா சாப்பிடல. மயக்கம் வந்திருக்கு, அளந்து பார்த்தார், ஆறு மிட்டாய் தின்னார். ஏறியிருக்கணும். இன்னும் இறங்கியிருக்கு.”

இன்ஸ்பெக்டர் மகள் பக்கம் திரும்பினார்.

“உங்க அண்ணி கடை மிட்டாய்ல இருக்கறது எரித்ரிட்டால்ங்கற மாற்றுச் சர்க்கரை. நாக்குக்கு இனிக்கும், ரத்தத்துல ஏறாது. காய்ச்சினா சிவக்காது, ஆறினா வெளுத்துப் பூக்கும். எறும்புகூட மதிக்காது. இந்தத் தேன் நிறம் நிஜ சர்க்கரை. சர்க்கரை இறங்கினா அவர் உயிரைக் காப்பாத்த டப்பாவுல இருந்தது. உங்க அறைக் கூடைக்கு எப்படி வந்தது?”

மகள் கூடையைப் பார்த்தபடி சொன்னாள். நேற்று டப்பாவைத் திறந்து ஒன்றைச் சுவைத்தாளாம். சர்க்கரை. அப்பா திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று கொட்டிவிட்டு, கடை ஜாடியிலிருந்து எடுத்து நிரப்பினாளாம். இரண்டையும் ஒரே வெள்ளைத் தாளில்தான் சுற்றுவார்கள்.

“நல்லதுக்குன்னுதானே செஞ்சேன்...”

அந்த வீட்டு அடுப்பில் மாதம் ஒருமுறை மட்டும் சர்க்கரை காயும், மாமனாருக்காக. அது எதற்கென்று தெரிந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் கட்டிலில் கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் மருமகளிடம் திரும்பினார். “வெளிச்சத்துல பிடிச்சப்பவே உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. பழி உங்க மேல விழுதுன்னு தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?”

“அப்பாவைப் பறிகொடுத்துட்டு நிக்கறா. தன் கையாலதான்னு தெரிஞ்சா தாங்குவாளா?” மருமகள் டப்பாவைப் பார்த்தாள். “டப்பா எதுக்குன்னு அவகிட்ட ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். அவர் கூப்பிட்டுக்கூட இருப்பார். கீழே மாவு மெஷின் ஓடிட்டு இருந்தது.”

மகள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். மருமகள் போய் அருகில் அமர்ந்து அவள் கையைப் பிடித்தாள். நாத்தனார் உதறினாள். இரண்டாம் முறை பிடித்தபோது உதறவில்லை.